புகையிரதமா, ஆகாயக்கப்பலா?

சென்ற தவணையில் ஒரு சனிக்கிழமை, இடைவேளை முடிந்தும் எமது வகுப்பு மாணவர் சிலர் வந்து அமரவில்லை. சென்று பார்த்தபொழுது, மேசைமீது ஒரு தேசப்படத்தை விரித்துப் பகடை உருட்டிக்கொண்டிருந்தனர். ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. களம் கற்பனை நாடு. ஆயினும் 1930களின் சாகசக் கதைகளிற்போல நீராவிப் புகையிரதங்களும் ஆகாயக்கப்பல்களும் அங்கே உண்டு. கதாநாயகர் புகையிரதத்தில் ஏறிவிட்டனர். வில்லன் ஆகாயக்கப்பலிற் புறப்பட்டுவிட்டான். தலைநகரோ 2,000 கிலோமீற்றர் தொலைவில். யார் முதலிற் சேர்வார்? சச்சரவு கண்ணீர்வரை போயிருந்தது. வழக்கு எம்மிடம் வந்தது.

நாம் சற்றும் யோசியாது தீர்ப்பு வழங்கினோம். 1938ஆம் ஆண்டு யூலை 3ஆம் திகதி இங்கிலாந்தின் 'மலார்ட்' என்னும் நீராவி எஞ்சின் மணிக்கு 203 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. 'ஹிண்டன்பேர்க்' ஆகாயக்கப்பலின் உச்ச வேகமோ ஏறத்தாழ 135. ஆகவே புகையிரதமே வெல்லும் என்றோம். அப்பொழுது ஒரு மாணவி, "சேர், அந்த வேகத்தில் அது எவ்வளவு தூரம் ஓடியது?" என்று கேட்டாள்.

எமக்கு வெட்கமாய்ப் போயிற்று. மலார்ட் அவ்வேகத்தை எட்டியது ஓர் இறக்கத்தில், மிகக் குறுகிய தூரத்துக்கு மாத்திரமே. அதன் தாங்கி ஒன்று அளவுமீறிச் சூடேறியதால், வண்டியை இலண்டனுக்கு இழுத்துச் செல்ல வேறு எஞ்சின் பூட்ட நேர்ந்தது. தூரத்தை நேரத்தால் வகுத்தாற் கிடைப்பது சராசரி வேகம் என்று ஊரிலே எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருப்போம்! சோதனைச் சாவடிகள் நிறைந்த தெருக்களிற் பயணம் செய்த பெற்றோருக்கு, வாகனத்தின் வேகம் வேறு, பயணத்தின் வேகம் வேறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கை மீண்டும் தொடங்கினோம். 1928ஆம் ஆண்டு மே மாதம் 'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்' இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு இடையில் நில்லாது ஓடத் தொடங்கியது. 632 கிலோமீற்றரைக் கடக்க 8 மணி 15 நிமிடம், சராசரி 77. இதற்கே தண்டவாளங்களுக்கு நடுவே அமைத்த நீண்ட தொட்டிகளிலிருந்து ஓடியபடியே நீரை அள்ள வேண்டியிருந்தது. நிலக்கரிப் பெட்டியினூடாக ஒடுங்கிய நடைபாதை அமைத்துச் சாரதிகள் நடுவழியில் ஆள்மாறினர். 2,000 கிலோமீற்றர் செல்லும் சாதாரண நீராவி வண்டி நீருக்கும் கரிக்கும் எஞ்சின் மாற்றுவதற்கும் நின்றே ஆகவேண்டும். ஆதலின் சராசரி 60 என்று கொள்வதே நியாயம், 33 மணித்தியாலம். 1933இல் பேர்லினுக்கும் ஹம்பேர்க்கிற்கும் இடையே 286 கிலோமீற்றரை 138 நிமிடத்தில் ஓடிய வண்டி ஒன்று உண்டுதான். ஆனால் அது டீசலில் ஓடியது, இரண்டே பெட்டிகள்.

இனி ஆகாயக்கப்பல். 'கிராப் செப்பலின்' 1929ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஜேர்மனியின் பிரெட்ரிக்ஸ்ஹாபனிலிருந்து யப்பானுக்கு 11,247 கிலோமீற்றரை 101 மணி 49 நிமிடத்திற் பறந்து முடித்தது. உச்ச வேகம் 128 மட்டுமே, சராசரியோ 110! நிலையம் இல்லை, சமிக்ஞை விளக்கு இல்லை, இரவிலும் பறக்கும். இக்கணக்கின்படி 2,000 கிலோமீற்றருக்குப் பதினெட்டு மணித்தியாலம் போதும். வில்லனாக விளையாடிய பையன் துள்ளிக் குதித்தான்.

சற்றுப் பொறு என்றோம். அதே கப்பல் 1928 ஒக்டோபரில் முதன்முறை அமெரிக்கா சென்றபோது, புயலைத் தவிர்க்கத் தெற்கே சுற்றியும் எதிர்க்காற்றோடு பொருதியும் ஏறத்தாழ 112 மணித்தியாலம் எடுத்தது. திரும்பி வர 72தான். ஹிண்டன்பேர்க் 1937 மே 6ஆம் திகதி காலையில் நியூ ஜேர்சி சேரவேண்டியது. எதிர்க்காற்றினால் அரை நாள் பிந்தி, இடிமழைக்குக் காத்திருந்து, மாலையில் இறங்கும்போதே எரிந்து 36 பேர் மாண்டனர். மணிக்கு 30 கிலோமீற்றர் எதிர்க்காற்று வீசினால் 110 என்பது 80 ஆகும்; பின்காற்றாயின் 140. பயணம் 25 மணித்தியாலமாகவும் நீளலாம், 14 ஆகவும் குறுகலாம். இறங்குமிடத்திற் கயிறு பிடிக்கப் பெருந்தொகையான ஆட்களும் வேண்டும்; வில்லனுக்கு அவர்களை யார் கொடுப்பார்?

இப்பொழுது அவர்கள் காற்றுக்கென்று தனியாக ஒரு பகடை வைத்திருக்கிறார்கள். கடந்த சனிக்கிழமை வில்லனுக்கு எதிர்க்காற்று விழுந்தது. அப்படியிருந்தும் எட்டு மணித்தியாலம் முந்திவிட்டான். ஆனால் தலைநகரிற் கயிறு பிடிக்க ஒருவரும் இல்லை. கதாநாயகரின் புகையிரதம் நிலையத்தை அடைந்தபோதும் கப்பல் மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தது.