ஏழாவது நாள் சேரும் பிள்ளை எந்தக் கணக்கில்?

கேரளத்தில் பள்ளிகள் திறந்து ஆறாவது வேலை நாள் நெருங்குகிறது. ஒவ்வொரு ஜூனிலும் இந்த நேரத்தில் எல்லைப் பகுதித் தமிழ்ப் பெற்றோரின் கடிதங்கள் குவியும். இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரை, வண்டன்மேடு, குமுளி பக்கமிருந்து வந்தவை பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: "அடுத்த வாரம் பிள்ளையைக் கூட்டி வருகிறோம் என்றால் ஹெட்மாஸ்டர் ஏன் இப்படிப் பதறுகிறார்?" பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வாசகர்களின் குழப்பம் வேறு: "பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் கணக்கில் வராது என்கிறார்கள். அது எப்படி?" இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

ஆறாவது வேலை நாளில் அப்படி என்ன நடக்கிறது?

அன்றைக்குப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்து, அந்த ஆண்டு முழுக்க எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவாகிறது. கேரளக் கல்வி விதிகள் இதைத் தஸ்திக நிர்ணயம் என்கின்றன. தமிழ்நாட்டில் பணியாளர் நிர்ணயம் என்போம். தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது அடிப்படை. ஒரு வகுப்பில் 30 பேர் என்றால் ஒரு டிவிஷன். 31ஆவது பிள்ளை வந்தால் இரண்டாவது டிவிஷனுக்கும் இன்னோர் ஆசிரியருக்கும் உரிமை பிறக்கிறது. அந்த 31ஆவது பிள்ளை ஏழாவது நாள் வந்து நின்றால் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கான ஆசிரியர் அடுத்த ஜூன் வரை கிடையாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சாமர்த்தியம் இருப்பதை மறுக்க முடியாது. ஒரே நாளில் மாநிலம் முழுவதும் எண்ணினால், ஒரே பிள்ளையை இரண்டு பள்ளிகள் காட்டும் பழைய மோசடிக்கு இடமில்லை. கேரளப் பள்ளிகளின் மாணவர் பதிவுத் தளமான 'சம்பூர்ணா'வில் ஒவ்வொரு பெயரும் ஆதார் எண்ணோடு ஏறுகிறது. கூடுதல் டிவிஷன் கேட்கும் பள்ளிக்கு அதிகாரிகள் நேரில் வந்து தலை எண்ணுகிறார்கள். பொதுப் பணத்தில் சம்பளம் தரும் அரசு, இல்லாத பிள்ளைக்கு ஆசிரியரைத் தர மறுப்பது நியாயமே.

அப்படியானால் சிக்கல் எங்கே?

எண்ணும் நாளில். ஏலக்காய் மலையின் நாட்காட்டியும் கல்வித் துறையின் நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை. ஏலக்காய் எடுப்பு சூடுபிடிப்பது ஜூலை, ஆகஸ்டில். வேலை தேடி வரும் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு மலையேறுவதும் அப்போதுதான். இப்போது கம்பம், தேனிக் குடும்பங்களோடு ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசக் குடும்பங்களும் வருகின்றன. கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் போன தோட்டத் தொழிலாளர்கள், திருவிழாவோ கல்யாணமோ முடித்துச் சில நாள் தாமதமாகத் திரும்புவதும் புதிதல்ல. போதாததற்குத் தென்மேற்குப் பருவமழை மலையைப் பிடிப்பதும் ஜூன் முதல் வாரத்தில். பள்ளி மிகக் காலியாக இருக்கும் வாரத்தைத் தேர்ந்தெடுத்து எண்ணுகிறார்கள்.

மலைக்குக் கீழே, கம்பத்தில் உள்ள அரசுப் பள்ளியில் பணியாளர் நிர்ணயத்துக்கு எந்தத் தேதி தெரியுமா? ஆகஸ்டு 1 நிலவரம். பிள்ளைகள் வந்து அமர்ந்த பிறகு எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டு முறையிலும் குறைகள் உண்டு; உபரி ஆசிரியர், பணிநிரவல் என்று அங்கும் பிரச்சினை ஓய்வதில்லை. ஆனாலும் அந்த இரண்டு மாத இடைவெளி எல்லைப் பள்ளிக்குப் பெரிய வித்தியாசம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், அக்டோபரில் ஒரு முறையும் பிப்ரவரியில் ஒரு முறையும் எண்ணுகிறது. நிதி ஒதுக்கீட்டில் முதல் எண்ணிக்கைக்கு 90 சதவீதம், இரண்டாவதற்கு 10 சதவீதம் கனம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கட்டிப்போட வேண்டும் என்று எந்த நிர்வாக இலக்கணமும் சொல்லவில்லை.

சேர்த்த பிள்ளை எப்படிக் கணக்கில் வராமல் போகும்?

கடிதங்களில் அதிகக் கோபம் தெரிவது இங்கேதான். ஆதார் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் பள்ளி சேர்த்துக்கொள்கிறது. ஆனால் தஸ்திக நிர்ணயத்துக்கு ஆதாரோடு பொருந்திய பெயரே எண்ணப்படுகிறது. பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். 2025இல் இதை எதிர்த்து ஆசிரியர் சங்கங்கள் குரல் கொடுத்தன.

தமிழ்ப் பெயர் இங்கே எப்படிச் சிக்குகிறது என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் 'கார்த்திக்'. ஆதாரில் தந்தையின் முதலெழுத்து முன்னால் சேர்ந்து 'மு. கார்த்திக்'. தளத்தில் ஏற்றியவர் மலையாள வழக்கப்படி அதைப் பின்னால் போட்டிருப்பார். மூன்றும் ஒரே பையன். கணினிக்கு மூன்று பேர். ஆறாவது நாள் மாலைக்குள் திருத்தாவிட்டால் அவன் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் எண்ணிக்கையில் இல்லாதவன். சட்டப்படி அவனுக்கு இருக்கை உண்டு, விதிப்படி ஆசிரியர் இல்லை. மோசடியைத் தடுக்கக் கொண்டுவந்த சல்லடையில் உண்மையான பிள்ளை சிக்கினால், தவறு சல்லடையின் கண்ணில்தான்.

இதற்கும் பள்ளித் தலைமைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். இன்று கல்வித் துறை எங்கும் 'பள்ளித் தலைமை' பற்றிய பேச்சுதான். டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனத்தின்கீழ் 2012 முதல் இதற்கென ஒரு தேசிய மையம் இயங்குகிறது. கேரளத்துக்குத் தனிப் பயிற்சி நிறுவனம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. தலைவர் தொலைநோக்கு உடையவர், குழுவை வளர்ப்பவர், மாற்றத்தை முன்னெடுப்பவர் என்பதே பயிற்சிகள் வரையும் சித்திரம். கேட்க நன்றாக இருக்கிறது. அந்தத் தலைவருக்கு நாளில் எத்தனை மணி நேரம் மிச்சம் என்பதை மட்டும் இந்தச் சித்திரம் விட்டுவிடுகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பிரித்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரையான பள்ளியில் பிள்ளைகள் 150ஐத் தாண்டினால்தான் ஆசிரியர்களுக்கு மேல் தனியாக ஒரு தலைமையாசிரியர். ஆறு முதல் எட்டு வரை என்றால் 100ஐத் தாண்ட வேண்டும். அதற்குக் கீழே உள்ள பள்ளியில் தலைமையாசிரியரும் ஒரு வகுப்பாசிரியர். மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மதிய உணவுக்கு அரிசி அளக்க வேண்டும், சம்பூர்ணாவில் பெயர் திருத்த வேண்டும், உதவிக் கல்வி அலுவலரின் தொலைபேசிக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லையில் உள்ள தமிழ்ப் பள்ளிகள் பலவும் சிறியவை. அங்கே 150 என்பது எட்டாத உயரம். தலைமைக்கான நேரமே தலை எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், பயிற்சி எந்த நேரத்தில் பலிக்கும்?

நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகளின் கற்றலை மிக அதிகம் உயர்த்தும் தலைமைப் பண்பு எது என்று பார்த்தது. ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் தலைவரும் கூட உட்கார்ந்து கற்பதுதான் முதலிடம் பிடித்தது. ஜூன் முதல் வாரத்தில் நம் தலைமையாசிரியர் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்? ஆதார் திருத்தத்துக்கு வரிசையில் நிற்கும் பெற்றோரோடு. ஆண்டின் மிக முக்கியமான வாரம், புதிய பிள்ளையின் பயம் தெளிய வேண்டிய வாரம், எண்ணிக்கை பிடிப்பதில் கரைகிறது. அவர் பதறுவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பிள்ளை குறைந்தால் தன்னோடு ஆண்டுக்கணக்கில் உழைத்த ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போவார் என்று அவருக்குத் தெரியும்.

தமிழ்வழிப் பிரிவுக்கு இதில் தனி ஆபத்து உண்டா?

உண்டு. தாய்மொழிக் கல்விக்கான உரிமையே எண்ணிக்கையின் மேல்தான் கட்டப்பட்டது. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்த அளவுகோல், பள்ளியில் 40 பேர் அல்லது வகுப்பில் 10 பேர் இருந்தால் அந்த மொழியில் கற்பிக்க ஆசிரியர் தர வேண்டும் என்பது. 1956இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த 350ஏ பிரிவு, தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய மாநிலங்களை முயலச் சொல்கிறது. அதே ஆண்டில் மாநில எல்லைகள் மறுவரையறை ஆனபோதுதான் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைக்கு இந்த அளவுகோல் வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. தமிழ் ஆசிரியர் பணியிடம் ஒரு முறை போனால், அடுத்த ஆண்டு பெற்றோர் நம்பிக்கை இழந்து ஆங்கில வழிக்குப் போகிறார்கள். எண்ணிக்கை மேலும் சரிகிறது. பிறகு 'தமிழுக்குத் தேவை குறைந்துவிட்டது' என்று காரணம் சொல்ல வசதியாகிவிடுகிறது. தேவை குறையவில்லை, எண்ணிய நாள் தவறு.

தஸ்திக நிர்ணய உத்தரவு எப்போது வரும்?

விதிப்படி ஜூலை 15க்குள். தாமதமானால் அதுவரை தினக்கூலி ஆசிரியர்தான்.

ஆறாவது நாளுக்குப் பிறகு சேர்க்க மறுக்கலாமா?

கூடாது, எட்டாம் வகுப்பு வரை எப்போது வந்தாலும் சேர்க்கை உண்டு.

தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரவில்லையே?

கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை நிறுத்த முடியாது. பழைய பள்ளியில் சொல்லி, தமிழ்நாட்டின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடச் செய்யுங்கள்.

மலையாளத்தைக் கட்டாயமாக்கிய 2017 சட்டத்தால் தமிழ்வழி மூடப்படுமா?

இல்லை, அது மலையாளத்தைப் பாடமாக்குகிறது, பயிற்றுமொழியை மாற்றவில்லை.

உயர்நிலையும் மேல்நிலையும் ஒரே வளாகத்தில் இருந்தால் தலைவர் யார்?

2019 சீரமைப்புக்குப் பிறகு மேல்நிலைப் பிரிவின் முதல்வர். தலைமையாசிரியர் துணை முதல்வர்.

பெற்றோர் இந்த வாரம் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள், ஆதாரில் உள்ளபடியே பெயர் ஏறியிருக்கிறதா என்று தளத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எண்ணும் நாளை மாற்ற யாருக்கு அதிகாரம்?

மாநில அரசுக்கு; எல்லை மாவட்டங்களுக்கு ஆகஸ்டில் இரண்டாவது எண்ணிக்கை வைக்க ஒரு விதித்திருத்தம் போதும், அதைக் கேட்க வேண்டிய இடம் உங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம்.