குத்துச்சண்டைச் சம்பியன் மீதான பகைமையும் பத்திரிகைகளும்

தொடர்ந்து வெல்பவன் ஒருநாள் தோற்கவேண்டுமென விரும்புவது மனித இயல்பு என்பர். இவ்விளக்கம் போதுமானதன்று. பார எடைப்பிரிவில் தோல்வியே காணாது 1905இல் ஓய்வுபெற்ற வெள்ளையரான ஜேம்ஸ் ஜெவ்றீசை அமெரிக்கப் பத்திரிகைகள் போற்றவே செய்தன. 1908இல் சிட்னியில் ரொமி பேர்ண்சை வென்று, அப்பிரிவின் முதலாவது கறுப்பின உலகச் சம்பியனான ஜாக் ஜோன்சனின் ஆதிக்கமோ அவற்றுக்குத் திமிராகத் தோன்றியது. அவரது புன்னகைகூடக் குற்றமாயிற்று. ஜெவ்றீஸ் மீண்டுவந்து அப்புன்னகையை அகற்றவேண்டுமெனச் சிட்னியிலிருந்து எழுதியவர் நாவலாசிரியர் ஜாக் லண்டன். சோசலிசவாதியாகப் பெயர்பெற்றவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. இத்தகைய எழுத்துக்கள் விளையாட்டுப் போட்டியொன்றை இனத்தின் மானப் பிரச்சினையாக மாற்றின.

1910 யூலை 4இல் றீனோ நகரில் ஜெவ்றீஸ் 15ஆவது சுற்றில் வீழ்ந்தார். அன்றிரவே பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர், உயிர்களும் பலியாயின. அடுத்து நிகழ்ந்ததே கூர்ந்து நோக்கத்தக்கது. அப்போட்டியின் திரைப்படத்தைப் பல நகரங்கள் தடைசெய்தன. 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம்விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தால் விலக்கியது. வெறுப்பூட்டிய எழுத்து தடையின்றி உலாவ, ஜோன்சனின் ஆற்றலுக்குச் சான்றான படச்சுருளே மறைக்கப்பட்டது. அச்சட்டம் 1940 வரை நீடித்தது.