மனமின்மையும் இயலாமையும்: குழந்தைப் புறக்கணிப்பின் காரணங்களும் தடுப்பு வழிகளும்

முன்னுரை

அடித்த தழும்பு பிறர் கண்ணில் படும். கவனிக்கப்படாத குழந்தையின் இழப்பு எளிதில் புலப்படுவதில்லை. உணவு, மருத்துவம், கல்வி, மேற்பார்வை, அன்பு ஆகிய தேவைகள் தொடர்ந்து நிறைவேறாத நிலையே குழந்தைப் புறக்கணிப்பு எனப்படுகிறது. அது பெற்றோரின் மனமின்மையால் விளைகிறதா, இயலாமையால் விளைகிறதா எனப் பிரித்தறிவதே தடுப்பின் முதற்படி என்பதைத் தமிழகச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

காரணங்கள்

வறுமை பொருளை மட்டுமன்றி நேரத்தையும் பறிக்கிறது. செங்கற்சூளையில் தாயும் தந்தையும் விடியலுக்கு முன்பே வேலையைத் தொடங்கும்போது, கைக்குழந்தை அதன் அக்காளின் பொறுப்பில் விடப்படுகிறது. இளையது உரிய பராமரிப்பை இழக்கிறது. மூத்தவள் பள்ளியை இழக்கிறாள். இடம்பெயர்ந்த குடும்பத்திற்குப் பாட்டியின் துணையும் இல்லை. மதுப்பழக்கம், மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு, குடும்பப் பிளவு ஆகியனவும் காரணங்களாகின்றன. வசதி மிக்க இல்லங்களிலும் உணர்வுநிலைப் புறக்கணிப்பு நிகழ்வதால், வறுமையையே புறக்கணிப்பாகக் கருதுதல் பிழையாகும்.

சட்டத்தின் பார்வை

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தம் பொறுப்பிலுள்ள குழந்தையை வேண்டுமென்றே புறக்கணித்துத் துன்பத்திற்கு உள்ளாக்குவோர்க்கு 3 ஆண்டு வரை சிறை, 1 இலட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கிறது. எனினும், தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட சூழலால் பெற்றோர் குழந்தையைக் கைவிட நேர்ந்தால் அதனை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளலாகாது என்றும் அப்பிரிவு கூறுகிறது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதை இறுதி வழியாகவே இச்சட்டம் கருதுகிறது. இயலாமைக்குத் தண்டனை தீர்வன்று என்பது இதனால் பெறப்படும்.

தடுப்பு வழிகள்

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஆகியன உணவுக் குறையைக் களைய முனைகின்றன. ஆயினும், அங்கன்வாடி நேரமும் கூலி வேலை நேரமும் ஒத்துப்போவதில்லை. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையை நாள் முழுதும் பார்த்துக்கொள்ளும் காப்பகமே இன்றியமையாத் தேவை. பணியிடத்தில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ இருப்பின், அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை அமர்த்த வேண்டுமென 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் வகுத்தது. இந்நெறி சூளைகளுக்கும் விரிவடைதல் வேண்டும். தொடர்ந்து பள்ளிக்கு வராத குழந்தையின் வீட்டிற்கு ஆசிரியர் செல்வதும், ஆபத்து தெரிந்தவுடன் 1098 என்ற எண்ணில் அயலார் தெரிவிப்பதும் இழப்பு முற்றுமுன் உதவி கிடைக்க வழிசெய்யும்.

முடிவுரை

மனமின்மைக்குச் சட்டமும் ஆற்றுப்படுத்தலும் தேவை. இயலாமைக்குத் துணை தேவை. இவ்விரண்டையும் வேறுபடுத்தாது பெற்றோரைக் குற்றவாளியாக்கினால், குழந்தை பராமரிப்போடு குடும்பத்தையும் இழக்கும்.