ரோபோ வழி அறுவைச் சிகிச்சையும் உறைவிட மருத்துவர் பயிற்சியும்

திறந்தநிலை அறுவைச் சிகிச்சையில் முதன்மை மருத்துவருக்குத் துணைக்கைகள் தேவை. திசுவை விலக்கிப் பிடித்தல், குருதியை உறிஞ்சுதல், தையலிடுதல் ஆகிய பணிகளின் வழியே உறைவிட மருத்துவர்கள் படிப்படியாகத் திறன் பெற்றனர். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற டா வின்சி ரோபோ இம்முறையை மாற்றியது. கட்டுப்பாட்டு மேசையில் அமரும் ஒருவரே கேமராவையும் கருவிகளையும் இயக்குவதால், பயிற்சி பெறுபவர் பார்வையாளராகிவிடும் நிலை எழுந்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் கள ஆய்வு செய்த மேத்யூ பீன், போதிய கண்காணிப்பின்றி, முறைசாரா வழிகளில் சிலர் மட்டுமே திறன் பெற்றதை 2019இல் எடுத்துக்காட்டி, அதனை ‘நிழற்கற்றல்’ என்னும் பொருளில் பெயரிட்டார்.

இக்குறையைக் களையும் பயிற்சி பொதுவாக மூன்று படிநிலைகளில் அமைகிறது. முதலில் மெய்ந்நிகர்ப் பயிற்சிக் கருவியில் அடிப்படை அசைவுகள் பழகப்படுகின்றன. அடுத்து, நோயாளியின் அருகில் நின்று ரோபோவின் கைகளைப் பொருத்துதலும் கருவிகளை மாற்றுதலும் கற்பிக்கப்படுகின்றன. இறுதியாக, ஆசிரியரின் மேற்பார்வையில் அறுவையின் சில பகுதிகள் மாணவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

இரட்டைக் கட்டுப்பாட்டு மேசை இவ்வொப்படைப்பைப் பாதுகாப்பானதாக்குகிறது; பிழை நேரும் முன்பே ஆசிரியர் இயக்கத்தைத் தம்வசம் எடுத்துக்கொள்ளலாம். ஆயின் அவ்வசதியே மாணவரின் வாய்ப்பை உடனுக்குடன் பறிக்கவும் இடந்தருகிறது. எனவே ஒப்படைக்கப்படும் பகுதி முன்கூட்டியே வரையறுக்கப்படுதல் வேண்டும்.

மதிப்பீட்டிற்கு 2012இல் வெளியான ‘கியர்ஸ்’ அளவுகோல் ஆழ உணர்வு, இருகைத் திறன், செயல் சிக்கனம், விசை உணர்வு, தற்சார்பு, ரோபோ இயக்கம் ஆகிய ஆறு கூறுகளைக் கொண்டது. எத்தனை அறுவைகளில் மாணவர் உடனிருந்தார் என்பதைவிட, எப்பகுதியைத் தாமே எவ்வளவு திறம்படச் செய்தார் என்பதே பயிற்சியின் நிறைவை உணர்த்தும்.