நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கப் போகும் முன்

பாசிர் ரிஸ்ஸில் வார நாள் இரவில் வீடு திரும்புகிறவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கையில் வரிசை எண்ணுடன் முதியவர்கள், குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்மார்கள். உள்ளே கணினிக்கு முன்னால் தொண்டூழியர்கள். அதுதான் மக்கள் சந்திப்பு. 1955ல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த பழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்தச் சிரமத்தைச் சொல்லப் போகிறார்கள். வாடகை பாக்கி, அபராதம், பள்ளியில் இடம் என்று பலவிதம். தொண்டூழியர் கேட்டு எழுதுவார். உறுப்பினர் பேசிவிட்டுக் கையெழுத்திடுவார். கடிதம் சம்பந்தப்பட்ட அமைச்சுக்கோ கழகத்துக்கோ போகும். முடிவெடுப்பது அந்த அலுவலகம்தான், உறுப்பினர் அல்ல. இது தெரியாமல் "எம்.பி. சொல்லிவிட்டால் நடந்துவிடும்" என்று போகிறவர்கள் பிறகு மனம் உடைந்து போகிறார்கள்.

நாம் இன்று பேசப்போவது இன்னொரு வகைச் சந்திப்பைப் பற்றி. எனக்குச் சலுகை வேண்டும் என்பது ஒன்று. இந்த விதியே மாற வேண்டும் என்பது வேறு. இரண்டாவதற்குப் போகிற தமிழர்கள் குறைவு. பயம் ஒரு காரணம், பழக்கமின்மை ஒரு காரணம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து மணமுடித்து இங்கு வரும் பெண்கள் நம்மிடையே உண்டு. நீண்டகால வருகை அனுமதி அட்டையில் இருக்கிறார்கள். வேலை செய்ய மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் வேண்டும். கணவர் நோயுற்றாலோ இறந்தாலோ, சிங்கப்பூரராகப் பிறந்த பிள்ளையை வைத்துக்கொண்டு அடுத்த புதுப்பிப்பு என்ன ஆகுமோ என்று இரவெல்லாம் விழித்திருக்கும் தாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் ஒருவராகப் போனால் அது ஒரு முறையீடு. அதே நிலையில் இருக்கும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, "புதுப்பிக்கும்போது இன்னது கருத்தில் கொள்ளப்படும் என்று முன்கூட்டியே எங்களுக்குத் தெரியவேண்டும்" என்று கேட்டால், அது கொள்கைக் கோரிக்கை. கூடுதல் சலுகைகளுடன் கூடிய இன்னொரு வகை வருகை அட்டை 2012ல் அறிமுகமானது என்பதை மறக்க வேண்டாம். இந்த விதிகள் கல்லில் செதுக்கியவை அல்ல.

முதலில், யாரைப் பார்க்க வேண்டும்? இதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். 2001 முதல் பாசிர் ரிஸ், பொங்கோலுடன் சேர்ந்து ஒரே குழுத்தொகுதியாக இருந்தது. 2025 பொதுத் தேர்தலுக்கு முன் எல்லைகள் மாற்றப்பட்டு, பாசிர் ரிஸ் - சாங்கி குழுத்தொகுதி பிறந்தது. அதற்கு நான்கு உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பிரிவு, தனிச் சந்திப்பு நாள். பத்தாண்டுகளாகப் பழகிய இடத்துக்கே போய் நின்றால், "உங்கள் புளோக் இப்போது வேறு பிரிவு" என்று திருப்பி அனுப்பக்கூடும். தேர்தல் துறையின் இணையத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் தொகுதி தெரிந்துவிடும். சந்திப்பு நாளைத் தொலைபேசியில் உறுதி செய்துகொள்வது நல்லது.

அடுத்து, கையில் என்ன இருக்க வேண்டும்? ஒரே ஒரு தாள். கோப்புக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது சில நிமிடங்கள்தான். தாளின் மேலே ஒரே வாக்கியத்தில் கோரிக்கை. "நிலைமையைச் சீர்படுத்த வேண்டும்" என்பது கோரிக்கை ஆகாது. எந்த விதி, எந்த அமைச்சு, அதில் எந்தச் சொல் மாற வேண்டும் என்று எழுதுங்கள். அதன் கீழே நடந்த சம்பவங்கள் இரண்டோ மூன்றோ, தேதியுடன். அதற்குக் கீழே, இதே கேள்விக்கு அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஏற்கெனவே என்ன பதில் சொல்லியிருக்கிறார் என்பது. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நாடாளுமன்ற விவாதங்களின் அதிகாரபூர்வ அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய பதிலைப் படித்துவிட்டு, "அந்தப் பதிலில் இந்தப் பகுதி விடுபட்டிருக்கிறது" என்று சொல்பவரை எந்த உறுப்பினரும் கவனிப்பார். அவருக்கு நீங்கள் வேலையைக் குறைத்துக் கொடுக்கிறீர்கள் அல்லவா?

பேசுவது ஒருவராக இருக்கட்டும். பாதிக்கப்பட்டவர் தமிழில் பேசினாலும் பரவாயில்லை, மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். படித்த மாமா ஒருவர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பேசி முடிக்க, உரியவர் வாய்மூடி உட்கார்ந்திருப்பது நம்மவர் கூட்டங்களில் அடிக்கடி நடக்கிறது. நாடாளுமன்றத்திலேயே தமிழில் பேச உரிமை இருக்கும்போது கீழ்த்தளத்தில் என்ன தயக்கம்?

உறுப்பினரால் என்ன செய்ய முடியும் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். ஓர் அமர்வுக்கு அவர் ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம்; அவற்றில் வாய்மொழிப் பதிலுக்கு மூன்று. ஒத்திவைப்புத் தீர்மானத்தின்போது 20 நிமிடம் வரை ஒரே விஷயத்தைப் பேசலாம். ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்துக்குப் பின் ஒவ்வோர் அமைச்சின் செலவும் விவாதிக்கப்படும்போது, அந்த அமைச்சின் நிதியில் 100 வெள்ளியைக் குறைக்கும்படி முன்மொழிந்து பேசலாம். 100 வெள்ளி பெயருக்குத்தான். பேசுவதற்கு அதுதான் வாசல். வரவுசெலவுத் திட்டம் வழக்கமாகப் பிப்ரவரியில் வருவதால், நவம்பர், டிசம்பரிலேயே போய்ச் சந்திப்பது புத்திசாலித்தனம். மார்ச்சில் போனால் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

கட்சிக் கொறடாவின் கட்டளைப்படிதான் வாக்களிக்க வேண்டியிருக்கும். பேசுவதற்கு அந்த அளவு தடை இல்லை. தனி உறுப்பினர் மசோதா என்ற வழியும் உண்டு, அபூர்வம்தான். நியமன உறுப்பினராக இருந்த வால்டர் வூன் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்பு மசோதா 1995ல் சட்டமானது. 2020ல் லூயிஸ் இங் முன்மொழிந்த வனவிலங்குத் திருத்த மசோதாவும் நிறைவேறியது.

பொறுமைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று தொண்டூழிய அமைப்புகள் பல ஆண்டுகள் பேசின. துணை அமைச்சராக இருந்த ஹலிமா யாக்கோப் 2011ல் அதை வெளிப்படையாக ஆதரித்தார். 2012 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அறிவிப்பு. 2013 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வந்தது.

பாசிர் ரிஸ் கடற்கரையில் நின்றால் எதிரே தெரியும் புலாவ் உபினுக்கும் ஒரு கதை உண்டு. அங்குள்ள செக் ஜாவா கரையோரத்தை மண்ணிட்டு நிரப்பும் திட்டம் தயாராக இருந்தது. ஆர்வலர்கள் வெறும் ஆதங்கக் கடிதத்தோடு நிற்கவில்லை. அங்கே என்னென்ன உயிரினங்கள் வாழ்கின்றன என்று தொண்டூழியர்களும் ஆய்வாளர்களும் கணக்கெடுத்தார்கள். 2001 டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தை ஒத்திவைத்தது.

நம் தைப்பூசத்தையும் சொல்ல வேண்டும். ஊர்வலப் பாதையில் இசைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தடை இருந்தது. இந்து அறக்கட்டளை வாரியம் சமூகத்தின் கருத்தைத் திரட்டி அதிகாரிகளுடன் பேசியது. 2016ல் ஹேஸ்டிங்ஸ் ரோடு, ஷார்ட் ஸ்திரீட் உள்ளிட்ட மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. கேட்டது முழுதும் கிடைத்ததா என்றால் இல்லை. 1968ல் போன பொது விடுமுறை இன்னும் திரும்பவில்லை. ஆனால் மேளச் சத்தம் திரும்பி வந்தது.

செய்யக்கூடாதவை சில. பதாகை பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பொது இடத்தில் ஒரு கொள்கைக்காக ஒருவர் நின்றாலும் காவல்துறை அனுமதி தேவைப்படும். அன்பளிப்பு எதுவும் வேண்டாம், இனிப்புப் பெட்டியும் வேண்டாம். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்காமல் கைப்பேசியில் பதிவு செய்யாதீர்கள். உறுப்பினர் மறுத்துப் பேசினால் வாதாட வேண்டாம்; அவர் சொன்ன காரணத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அமைச்சர் பின்னால் சொல்லப்போவதும் அநேகமாக அதே காரணம்தான்.

வீடு திரும்பிய இரண்டு நாளில் ஒரு நன்றி மின்னஞ்சல் அனுப்பி, அதே தாளை இணைத்துவிடுங்கள். கேள்வி எழுப்புவதாக அவர் சொல்லியிருந்தால் எந்த அமர்வில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு முடிந்தால் அடையாள அட்டையோடு நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்துக்குப் போய், அந்தத் தாயையும் பக்கத்தில் உட்கார வைத்து, அமைச்சர் என்ன பதில் சொல்கிறார் என்று நேரிலேயே கேட்டு வாருங்கள்.