மாற்றிப் போட்டால் நிற்கும்

சின்னசேலம் வட்டாரத்தில் உள்ள நைனார்பாளையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாக்ரமே முடிச்சில் சாவிக்கொத்து, சுவர்த் தொங்கல், மணி கோத்த கைப்பட்டை எல்லாம் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறாராம். பருத்தி நூலில் செய்தவை வருடக்கணக்காக அப்படியே இருக்கின்றன. பளபளப்பாக வேண்டும் என்று சிலர் கேட்டதால் நைலான் கயிறு வாங்கி, அதே கைப்பட்டையை அதே முடிச்சோடு செய்து கொடுத்திருக்கிறார். ஒரு வாரத்துக்குள் முடிச்சு நழுவி மணிகள் சிதறிவிட்டன. தப்பு கயிற்றிலா, கையிலா என்று கேட்கிறார்.

இரண்டிலும்தான். கயிற்றின் பங்கு பெரியது, கையின் பங்கு ஒரே ஒரு திருப்பம். அந்த ஒரு திருப்பத்தைப் பற்றி எழுதத்தான் இந்த வாரப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஆனால் கயிற்றை முடிக்காமல் அதற்குப் போக முடியாது.

கிணற்றடியில் ஒரு மரத்தூண். அதில் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் 10 கிலோ எடையுள்ள வாளியைத் தொங்கவிடுகிறோம். மறுமுனையை எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும்? கயிற்றுக்கும் தூணுக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுச் சுற்றினால் இழுவிசை சுமார் ஆறரை மடங்கு குறைந்துவிடும். இரண்டாவது சுற்று மேலும் ஆறரை மடங்கைக் கூட்டிக் கொடுக்காது, பெருக்கிக் கொடுக்கும். ஆகவே 43 மடங்கு. மூன்றாவது சுற்றில் 285 மடங்கு. அதாவது மறுமுனையில் 35 கிராம் எடை இருந்தால் போதும், 10 கிலோ வாளி கீழே போகாது. தூண் பருமனா ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. எத்தனை சுற்று, எவ்வளவு சொரசொரப்பு, இந்த இரண்டு மட்டும்தான். இப்போது கெழுவைப் பாதியாக்கி 0.15 என்று வைத்துப் பாருங்கள். மூன்று சுற்றுக்குப் பிறகும் 17 மடங்குதான் கிடைக்கிறது. 35 கிராம் போதும் என்றிருந்த இடத்தில் இப்போது 600 கிராம் வேண்டும். உராய்வு பாதியானால் பிடிமானமும் பாதியாகும் என்று நினைப்போம். ஆனால் அது இங்கே பதினேழில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது.

முடிச்சு என்பது தூண் இல்லாத தூண். கயிறே தூணாகவும் இருக்கிறது, கயிறே அதைச் சுற்றவும் செய்கிறது. ஒரு முனையை இழுத்தால் அந்த இழுவையே இன்னொரு வளைவை நெருக்கி, அதற்கு அடியில் கிடக்கும் வால் முனையை அமுக்குகிறது. இன்னும் பலமாக இழுத்தால் இன்னும் பலமாக அமுக்கும். இதிலிருந்து வியப்பான ஒரு முடிவு வருகிறது. கம்பத்தில் போடும் முடிச்சுகளுக்கு பெஞ்சமின் பேமன் என்ற இயற்பியலாளர் 1977இல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு முடிச்சுக்கும் உராய்வில் ஓர் எல்லை இருக்கிறது. கயிறு அந்த எல்லைக்கு மேலே இருந்தால், அறுந்து போகிறவரை இழுத்தாலும் முடிச்சு நிற்கும். எல்லைக்குக் கீழே இருந்தால், எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நழுவும். இழுவையின் அளவு இந்தக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. முடிச்சு நழுவினால் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறோமே, அந்த உழைப்புக்குப் பெரிய பயன் கிடையாது.

நைலான் அந்த எல்லையின் ஓரத்தில் நிற்கிற பொருள். தூண்டில் நரம்பு போன்ற ஒற்றை இழையாக இருந்தால் இன்னும் மோசம்: மேற்பரப்பு வழவழப்பு, போதாததற்கு வளைத்தால் நிமிரத் துடிக்கும் விறைப்பு. கைப்பட்டைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதன்மேல் விழும் இழுவை சீரானது அன்று. கை ஆட ஆட இழுபட்டுத் தளர்ந்து இழுபடுகிறது. ஷூ நாடா ஏன் தானாக அவிழ்கிறது என்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் முடிச்சு கொஞ்சம் தளர்கிறது, அந்தச் சமயத்தில் வீசி ஆடும் முனைகள் அதைக் கொஞ்சம் இழுத்துவிடுகின்றன. வளையல்போல் நாள் முழுவதும் மணிக்கட்டில் ஆடும் நைலான் முடிச்சுக்கும் அதே கதிதான்.

பருத்தி நூல் எப்படித் தப்பிக்கிறது? அது மென்மையானது, நெருக்கினால் நசுங்கித் தட்டையாகி ஒட்டிக்கொள்ளும். மேலெல்லாம் நுண்ணிய மயிர்கள். அதைவிடப் பெரிய செய்தி, பருத்தி நூலே உராய்வால் உண்டானது என்பது. சின்னசேலம் பக்கத்துக் காடுகளில் மக்காச்சோளத்தோடு பருத்தியும் விளைகிறது. ஒரு காயை உடைத்துப் பஞ்சிலிருந்து ஓர் இழையைப் பிரித்துப் பாருங்கள், நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான் இருக்கும். பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. இந்தத் துண்டு இழைகளை அருகருகே வைத்து முறுக்கினால் நூறு மீட்டர் நூல் வருகிறது, இழுத்தால் நிற்கிறது. குட்டை இழைகள் நீண்ட கயிற்றைத் தாங்குவது எப்படி என்று கலிலியோ 1638இல் வெளியான தன் நூலில் யோசித்திருக்கிறார். அதற்குத் திருப்தியான கணக்கு பேட்ரிக் வாரன், ராபின் பால், ரே கோல்ட்ஸ்டைன் மூவரும் எழுதி 2018இல்தான் வந்தது. முறுக்கும் உராய்வும் ஓர் எல்லையைத் தாண்டியதும் இழைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு நூல் பிரிந்து வராது, அறுந்தால்தான் உண்டு. முடிச்சுக்குச் சொன்ன அதே எல்லை விதி நூலுக்குள்ளேயும் ஓடுகிறது.

இனி அந்த ஒரு திருப்பம்.

மாக்ரமே போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நடுவில் இரண்டு நூல் சும்மா நிற்கும். ஓரத்து இரண்டு நூல்கள்தான் வேலை செய்யும். இடது நூலை முன்னால் கொண்டுபோய் வலது நூலைப் பின்னால் வாங்கினால் ஓர் அரை முடிச்சு. அடுத்த முறையும் இடதிலிருந்தே தொடங்கி, அதற்கடுத்ததும் இடதிலிருந்தே என்று போட்டுக்கொண்டே போனால், பட்டை தானாகவே திருகிக்கொண்டு சுருள் படிக்கட்டு மாதிரி இறங்கும். இடது ஒருமுறை, வலது ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் போட்டால் திருகாமல் தட்டையான பட்டையாக வரும். முதலாவது அழகு, இரண்டாவது உறுதி. நடுநூல்களை எடுத்துவிட்டு இரண்டு முனைகளை மட்டும் இதே வகையில் கட்டிப் பாருங்கள். ஒரே பக்கமாக இரண்டு முறை போட்ட முடிச்சு வழுக்கும், மாற்றிப் போட்டது நிற்கும். நூலும் அதே நூல், அரை முடிச்சும் அதே இரண்டுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

2020 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை இதைத் தொட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் விஷால் பாட்டீல், ஜோசப் சான்ட், மத்தியாஸ் கோல், யோர்ன் டங்கெல் என்ற நால்வர் சேர்ந்து செய்த வேலை. கோலின் ஆய்வகத்தில் ஒரு விசேஷ இழை இருக்கிறது, இழுவிசை ஏற ஏற அதன் நிறம் மாறும். அந்த இழையில் முடிச்சுப் போட்டு இழுத்தால் எங்கே எவ்வளவு நெருக்கம் என்று நிறத்திலேயே தெரிந்துவிடும். இதைக் கணினிக் கணக்கோடு ஒப்பிட்டு, முடிச்சின் படத்தைப் பார்த்தே அதன் பலத்தை மதிப்பிட மூன்று எண்ணிக்கைகளைச் சொன்னார்கள். நூல்கள் எத்தனை இடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அருகருகே ஓடும் இரண்டு நூல்கள் எதிரெதிர்த் திசையில் உரசும் இடங்கள் எத்தனை. ஒரு குறுக்கில் இடப்புறம் முறுக்கப்பட்ட நூல் அடுத்த குறுக்கில் வலப்புறம் முறுக்கப்படும் மாற்றங்கள் எத்தனை. மூன்றாவதுதான் என் மனதைப் பிடித்துக்கொண்டது.

ஜமக்காளத்தைத் துவைத்து இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவதைப் பாருங்கள். எதிரெதிரே நிற்பதால், இருவரும் தத்தம் வலப்பக்கமாகத் திருகினால் துணியைப் பொறுத்தவரை அவை எதிர்த் திசைகள். துணி முறுக்கேறித் தண்ணீர் கொட்டும். ஒருவர் வலமும் எதிரே நிற்பவர் இடமுமாகத் திருகினால், முழு ஜமக்காளமும் உருட்டுக்கட்டை மாதிரி சும்மா சுழலும், ஒரு சொட்டு விழாது. மாற்றிப் போட்ட முடிச்சில் இரண்டு குறுக்குகளும் பிழிகிற முதல் ஜோடி. இடையில் அகப்பட்ட நூல் ஒரு முனையில் இப்படியும் மறுமுனையில் அப்படியும் முறுக்கப்படுவதால் எந்தப் பக்கமும் உருள முடியாமல் பூட்டிக்கொள்கிறது. ஒரே பக்கம் போட்ட முடிச்சில் இருப்பது இரண்டாவது ஜோடி. இன்னும் கொஞ்சம் போகலாம். ஜமக்காளத்தின் நடுவை மூன்றாவது ஆள் பிடித்துக்கொண்டால் இரண்டு பாதியும் தனித்தனியாகப் பிழிபடும். மூன்றாவது அரை முடிச்சையும் மாற்றிப் போட்டால் நடப்பது அதுவே. துணியில் சோப்புப் போகாமல் வழவழவென்று இருந்தால் பிடித்த கையே நழுவும், எத்தனை பேர் திருகியும் பயனில்லை. நைலானின் வழவழப்பு அந்தச் சோப்பு. ஈரத் துணியின் எடையையும், பிழிந்த பிறகு அது உலர்ந்து போவதையும்கூட இதில் பொருத்திப் பார்த்தேன். அங்கே ஒப்புமை அறுந்துவிடுகிறது.

அந்தக் கட்டுரை வந்த நாட்களில், முடிச்சுகளின் மர்மமே முழுவதும் விலகிவிட்டது போலச் செய்திகள் எழுதப்பட்டன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். அவர்கள் பார்த்தவை எளிய முடிச்சுகள், பெரும்பாலும் இரண்டு கயிறுகளை இணைப்பவை. எது எதைவிடப் பலமானது என்று இந்த எண்ணிக்கைகள் வரிசைப்படுத்தித் தரும். உங்கள் கடைக் கயிறு எத்தனை கிலோவில் நழுவும் என்று சொல்லாது. எது நிற்கும் என்பதைக் கடலோடிகள் எப்போதோ கையால் கண்டுபிடித்துவிட்டார்கள். கிளிஃபோர்ட் ஆஷ்லி 1944இல் வெளியிட்ட முடிச்சுப் புத்தகத்தில் வரிசை எண் 3,800ஐத் தாண்டுகிறது. அவர்களுடைய கைக்குத் தெரிந்ததற்குக் காரணம் சொன்னதுதான் 2020இன் பெருமை. அதுவே பெரிய காரியம்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக: கயிறு சுற்றும் கணக்கு 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணிதவியலாளர் போட்டது. 1867இல் இயற்பியலாளர் கெல்வின், அணு என்பதே ஈதரில் (வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அன்று நம்பிய ஊடகம்) விழுந்த முடிச்சு என்றார். அதை நம்பி டெய்ட் என்ற இயற்பியலாளர் முடிச்சுகளைப் பட்டியல் போட்டார். அணுக் கொள்கை போய்விட்டது, பட்டியல் கணிதமாக நிலைத்தது. ஆனால் அந்தக் கணிதத்தில் முனைகள் ஒட்டப்பட்டிருக்கும், உராய்வு கிடையாது, எதுவும் நழுவாது. நம் வாசகிக்கு அதனால் உபயோகமில்லை.

அதைவிட உபயோகமான பாடம் ஒயர் கூடையில் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்த பிறகு மஞ்சப்பையோடு சேர்த்து இதையும் பலர் மறுபடி தூக்க ஆரம்பித்தார்கள். ஒயர் பிளாஸ்டிக்தான், வழவழப்புதான். இருந்தும் அம்மா பின்னிய கூடையை மகள் தூக்குகிறாள். காரணங்கள் இரண்டு. கூடை ஒயர் நரம்பு மாதிரி நிமிரத் துடிக்காது. மடித்த இடத்தில் மடிந்தே கிடக்கும். மற்றது, வால் முனை வெளியே இருப்பதில்லை. ஒவ்வொரு முடிச்சையும் நான்கு பக்கமும் வேறு முடிச்சுகள் நெருக்குகின்றன, கடைசி முனையைக் கூடைக்குள்ளேயே செருகி மறைத்துவிடுகிறார்கள். அந்த முனை வெளியே வர வேண்டுமானால் எத்தனையோ வளைவுகளைத் தாண்ட வேண்டும். கிணற்றடித் தூணில் மூன்று சுற்றுக்கே 17 மடங்கு என்றால், இங்கே பெருகும் பிடிமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூடை பின்னுகிறவர்கள் இந்தச் சூத்திரத்தை எழுதியதில்லை, ஆனால் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

தாலிக் கயிற்றின் மூன்று முடிச்சை யாரும் திசை பார்த்துப் போடுவதில்லை. மஞ்சள் பூசிய பருத்திச் சரடு, எப்படிப் போட்டாலும் பிடித்துக்கொள்ளும். கையின் பிழையைப் பருத்தி பொறுத்துக்கொள்கிறது, நைலான் பொறுப்பதில்லை. வாசகியின் கையில் பல வருடமாக இருந்த, ஒரே பக்கமாகப் போடும் பழக்கம் நைலானுக்கு மாறியதும் வெளிப்பட்டது அதனால்தான்.

மணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருங்காலி மாலை கதிர்வீச்சை உறிஞ்சும், நல்ல அதிர்வைத் தரும் என்றெல்லாம் விற்கிறார்கள். அதற்கு எந்தச் சான்றும் இல்லை. மாலையில் மெய்யாக வேலை செய்கிற இயற்பியல், மணிக்கு மணி நடுவே போட்ட முடிச்சில் இருக்கிறது: நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் ஒரு மணிதான் போகும். நைலான் முடிச்சின்மேல் ஒரு சொட்டுப் பசை விடச் சொல்லும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம். பசை இறுகிய இடம் மொடமொடப்பாகி, அதன் ஓரத்தில் கயிறு முறியலாம்.

நைலானில்தான் செய்ய வேண்டும் என்றால் வழி இருக்கிறது. முதல் அரை முடிச்சில் ஒன்றுக்குப் பதில் இரண்டு திருப்பு. அடுத்தது எதிர்ப்பக்கம், மூன்றாவது மறுபடி மாற்றி. தையல் போடும் அறுவை மருத்துவர்கள் பட்டு நூலைவிட நைலானுக்குக் கூடுதல் முடிச்சுப் போடுவது இதே காரணத்தால்தான். முனையை ஒட்ட வெட்டாமல் அரை சென்டிமீட்டர் விட்டு, நெருப்பில் லேசாகக் காட்டினால் உருகி ஒரு குமிழ் உண்டாகும், அது வளைவுக்குள் நுழையாது. சரியான பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள, இரண்டாவது அரை முடிச்சு போட்டதும் நிறுத்திப் பாருங்கள். இரண்டு வால் முனைகளும் தத்தம் பக்கத்துக் கயிற்றை ஒட்டி இணையாகப் படுத்திருந்தால் சரி. குறுக்காக நீட்டிக்கொண்டிருந்தால், மணி கோக்கும் முன் அவிழ்த்து மறுபடி போடுங்கள்.