வாழைக்காய்: காயா, சோறா?



நம் கம்பைநல்லூரில் சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் வாழைக்காயைப் பற்றி இரண்டு விதமாகப் பேசக் கேட்கிறோம். "அது கிழங்கு மாதிரி, தொடவே கூடாது" என்பார் ஒருவர். "பழம்தான் ஆகாது, காய் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை.

வாழைக்காயில் தண்ணீர் போக மீதி பெரும்பாலும் மாவுச்சத்து. பழுக்கும்போது அதுவே சர்க்கரையாக மாறுகிறது. காயாக இருக்கையில் அந்த மாவில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், நார்ச்சத்தைப் போல வேலை செய்கிறது. அங்கே அது நொதிப்பதால்தான் வாயு உண்டாகிறது. இஞ்சி, பெருங்காயம் சேர்க்கும் பழக்கம் சும்மா வந்ததல்ல. ஆனால் வேகவைத்ததும் இந்தச் செரிக்காத மாவு பெருமளவு குறைந்துவிடும். ஆகவே வாழைக்காயைக் கீரையோடும் அவரைக்காயோடும் சேர்க்காமல், சோற்றோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். தட்டில் வாழைக்காய் வந்தால் சோறு ஒரு கரண்டி குறையட்டும்.

பொட்டாசியம் இதில் அதிகம். 100 கிராமில் சுமார் 400 மில்லிகிராம். பெரும்பாலோருக்கு இது நல்லதே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

இஃப்தாருக்கு பஜ்ஜி போடாத வீடு நம்மில் குறைவு. காயின் மாவு, கடலை மாவு, எண்ணெய் மூன்றும் ஒன்றாக வெறும் வயிற்றில் இறங்குகின்றன. வேண்டாம் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? தினமும் போடுவதை வாரத்துக்கு ஒரு நாளாக்கினாலே போதும்.

அதற்குப் பதில் புட்டு செய்யலாம். மொந்தன் காய் இரண்டை முனை நறுக்கி, தோலோடு முக்கால் பதம் வேகவைத்து, ஆறியதும் தோலுரித்துத் துருவிக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துத் துருவலையும் உப்பையும் போட்டுக் கிளறி, இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். குழையவிட்டால் புட்டு களியாகிவிடும். பொரியலுக்குப் பச்சையாக நறுக்குபவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை பிடிக்காது. துண்டுகளை உப்புத் தண்ணீரில் போட்டால் சீக்கிரம் கறுக்காது.

சீவிய தோலை எறியாதீர்கள். பொடியாக நறுக்கி வதக்கி, புளி, மிளகாய், தேங்காய் வைத்து அரைத்தால் துவையல் ஆகிவிடும்.